திரும்பி வந்த சாமான்களின் பெஞ்சு

திரும்பி வந்த முதல் சாமான் ஒரு பனையோலைப் பெட்டி. ஆனி மாதம் நான்காம் நாள் காலையில், மேற்கு மலையிலிருந்து இறங்கிய சாரல் தோட்டத்துப் பலா மரங்களை நனைத்து இலை இலையாகச் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆவுடைத்தங்கம் தன் சீசன் கடையின் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பியபோது, வாசலில் வாடிக்கையாளர்கள் உட்காரப் போட்டிருந்த நீளப் பெஞ்சில் அது இருந்தது. போன சீசனில் புளியங்குடிக்காரர் ஒருவர் மருமகளுக்கு என்று சொல்லி வாங்கிப்போன அதே சிவப்புக் கரைப் பெட்டி, மூடியில் மஞ்சள் கறையோடும் உள்ளே வேறு யார் வீட்டுச் சாம்பிராணி வாசத்தோடும், நெடுந்தூரம் நடந்து வந்த ஆள் கொஞ்சம் இளைப்பாறுவதுபோல உட்கார்ந்திருந்தது. யாரோ மாற்றிக் கேட்க வந்து, கடை திறக்காததால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் அதைத் துடைத்து உள்ளே வைத்தாள். மறுநாள் காலை ஒரு சுவர்க் கடிகாரம், அதற்கு மறுநாள் ஒரு பத்தமடைப் பாய், அதற்கும் மறுநாள் ஒரே அளவில் இரண்டு பீங்கான் ஜாடிகள் என்று வந்துகொண்டே இருந்தன. கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

குற்றாலத்துக்குப் போகிற சாலையில், பழைய அருவிக்கு இரண்டு மைல் முன்னால், அவர்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர் தோட்டம் இருந்தது. மேட்டில் மங்குஸ்தானும் ரம்புட்டானும், சரிவில் பலாவும் கிராம்பும், ஓடைக்கரையில் வாழையும். வருஷத்தில் ஒன்பது மாதம் அது வெறும் தோட்டம். ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் சாலையோர வேலியைப் பிரித்து, பலா நிழலில் மேசைகளைப் போட்டு, சுற்றுவட்டத் தோட்டக்காரர்கள் பழமும் மிளகும் தேனும் முறுக்கும் கொண்டுவந்து அடுக்க, நடுவில் ஆவுடையின் பரிசுப்பொருள் கடை திறக்க, மூன்று மாதத்துக்கு அது சந்தை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற சனம் வீட்டுக்கு ஒரு பலாச்சுளைப் பொட்டலமும், வீட்டிலிருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சாமானும் வாங்காமல் போகாது. பெயர் எழுதிய சாவிக்கொத்து, மரச் செப்புச் சாமான், சங்கு, ஓலை விசிறி, கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரம். ஆவணி முடிந்ததும் மேசைகள் மடங்கும், வேலி மறுபடி வரும், கடைக்குப் பூட்டு விழும்.

சாமான்கள் ஏன் வருகின்றன என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தேன் விற்கிற மாசானம்தான். அவருடைய மேசை கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது; வாங்கிப் போகிறவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். இரண்டாம் வாரத்தில், பெஞ்சில் பதினொரு சாமான்கள் சேர்ந்திருந்தபோது, அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தாயி, இதெல்லாம் வேண்டாம்னு நெனச்சவங்க வீட்டுலேர்ந்து வருது. அந்தக் கடிகாரத்த வாங்குனவரு சம்பந்திக்குன்னுல்லா வாங்குனாரு? அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லையாம். பாய வாங்குன பொம்பள நாத்தனாளுக்குன்னு வாங்குனா. நாத்தனா வாங்கிக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லிருப்பா. மனசுக்குள்ள வேண்டான்னுருப்பா. அதுக்கு மேல அங்க இருக்க இதுக்கு மனசில்ல."

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். அதுதான் சரியாக இருக்கும் என்று பட்டது. உடைந்துபோன சாமான் வரவில்லை, பழசாகிப்போனது வரவில்லை, குழந்தை வளர்ந்து ஒதுக்கிய செப்புச் சாமான் வரவில்லை. வாங்கிக் கையில் பிடித்த நேரத்தில் யாருடைய மனசு அதைத் தள்ளியதோ அவர்களிடமிருந்து மட்டும் வந்தது. சீசன் இல்லாத மாதங்களில் தள்ளப்பட்டவை எங்கேயோ பொறுத்திருந்து ஆனி பிறந்ததும் வந்தன, சீசனில் தள்ளப்பட்டவை மறுநாள் காலையே வந்தன. தின்று தீர்த்த பழமும் தேனும் மட்டும் எதையும் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்குள் இந்தச் செய்தி தென்காசி தாண்டி, சங்கரன்கோவில் தாண்டி, விருதுநகர் வரைக்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள், "அருவிக்கா, பெஞ்சுக்கா?" என்று கேட்டு ஏற்றினார்கள். ஆவணங்கள் பார்க்க வந்த பஞ்சாயத்து எழுத்தர், இது எந்த இனத்தில் சேரும் என்று தெரியாமல், 'இதர' என்று எழுதிக்கொண்டு போனார். கோயில் குருக்கள் வந்து பார்த்து, தீட்டு ஒன்றும் கிடையாது, ஆனால் தொட்டால் கைகழுவுவது நல்லது என்றார். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் பெஞ்சின் ஒரு மூலையில் தாம் மேலதிகாரிக்குக் கொடுத்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தார்; அதற்குப் பிறகு விசாரணை ஏதும் நடக்கவில்லை.

சனங்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் அதற்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். பெஞ்சைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் மாசானத்திடம் ஒரு புட்டித் தேனாவது வாங்குவார்கள், சும்மா வந்ததாக இருக்கக் கூடாது என்று. பிறகு வேறெதையோ பார்ப்பதுபோலப் பெஞ்சின் முன்னால் நடப்பார்கள். தாங்கள் கொடுத்தது அங்கே இருந்தால், தோளில் கிடக்கிற துண்டை அல்லது முந்தானையை அதன்மேல் போட்டு மூடி, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். துண்டு போட்டு மூடிய சாமானை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது, யாருடையது என்று சத்தமாகக் கேட்கக் கூடாது. கல்யாணம் பேசுகிற வீட்டார் நிச்சயத்துக்கு முன்னால் ஒரு சின்ன சாமானை வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் பொறுத்து வந்து பார்த்தார்கள். சிலர் பரிசு கொடுப்பதையே விட்டார்கள். வேறு சிலர் வருஷா வருஷம் வந்து, பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அருவிக்குக்கூடப் போகாமல், நிறைந்த முகத்தோடு திரும்பினார்கள்.

அப்படி நிறைந்தவர்களில் முதல் ஆள் ஆவுடைத்தங்கம்.

ஒவ்வொரு சீசன் முடியும்போதும் கடையில் இருப்பதிலேயே நல்ல சாமானாக ஒன்றைத் தேர்ந்து, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, கோயம்புத்தூரில் இருக்கிற தங்கை குழல்வாய்மொழிக்கு, வீட்டில் கூப்பிடுவது குழலி, அனுப்புவாள். ஒரே தங்கை. இருவருக்கும் நடுவில் பிறந்தவன் திரிகூடம், அவன்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். பதிமூன்று சீசனில் பதிமூன்று பார்சல் போயிருந்தது, ஒன்றுகூடப் பெஞ்சுக்கு வரவில்லை. அதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, சந்தையில் எல்லாருக்கும் தெரியும். யாராவது பெஞ்சின் முன்னால் நின்று அழுதால் மாசானம், "ஆவுடைகிட்ட கேளும்மா, அவளுக்குத்தான் கொடுக்கத் தெரியும்" என்பார்.

கேட்டவர்களுக்கு அவள் பதிலும் வைத்திருந்தாள். ஒரு தடவை கடையநல்லூரிலிருந்து ஒருத்தி வந்தாள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனுக்கு அவள் கொடுத்த மரப் பொம்மை, அவன் சின்ன வயசில் ஆசைப்பட்டுக் கேட்டு அப்போது வாங்கிக் கொடுக்க முடியாமல் போனது, பெஞ்சில் இருந்தது. அவள் அதைத் துண்டு போட்டு மூடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் சிரிச்சுக்கிட்டுதான் வாங்குனான்" என்றாள்.

"சிரிக்கறது ஒண்ணும் கணக்கில்ல" என்றாள் ஆவுடை. "கொடுக்கற கை சுத்தமா இருந்தா எதுவும் திரும்பி வராது. நீங்க என்னத்தையோ எதிர்பாத்துக் கொடுத்துருக்கீய. அவன் மனசுக்கு அது தெரிஞ்சிருக்கு."

அந்த அம்மாள் எழுந்து போனாள். பொம்மையை எடுக்கவில்லை. மாசானம் அன்று மத்தியானம் முழுக்க ஆவுடையிடம் பேசாமல் தேன் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தான் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக ஆவுடைக்குப் படவில்லை.

கடையை ஆரம்பித்தவள் அவளில்லை. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பத்தொன்பது வயசில் குழல்வாய்மொழிதான் அப்பாவை நச்சரித்து, மாட்டுக்கொட்டகையின் பாதியைத் தடுத்துப் பலகை அடித்து, பத்தமடைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் தானே பஸ் ஏறிப்போய்ச் சாமான் பேசி, முதல் சீசனுக்கு ஒரு வரிசை மட்டும் அடுக்கி வைத்தாள். சுற்றுவட்டத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு மேசை போடச் சொன்னதும் அவள்தான். நான்கு சீசன் அப்படிப் போனது. நான்காவது சீசன் முடிந்த கையோடு, சுரண்டையில் கட்டிக்கொடுத்த அக்கா ஆவுடை, புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பா படுக்கையில் இருந்தார். ஆவுடைக்கு முப்பத்து நான்கு வயசு, பிள்ளை இல்லை, போக இடமில்லை. தோட்டத்து வேலை தம்பிக்கு, அடுப்படி தம்பி பெண்டாட்டிக்கு, கடை தங்கைக்கு என்று எல்லாம் பங்காகிக் கிடந்த வீட்டில் அவள் மூன்று மாதம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான்காவது மாதம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாள்.

நல்ல மாப்பிள்ளைதான். கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறையில் வேலை, குடியில்லை, மாமியார் இல்லை. வைகாசியில் கல்யாணம். இந்த ஒரு சீசனை முடித்துவிட்டு ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று குழலி கேட்டாள். "கடையை நான் பாத்துக்கிடுதேன், நீ போய் நல்லா இரு" என்று ஆவுடை சொன்னாள். அப்பா தலையாட்டினார். குழலி மறு பேச்சுப் பேசவில்லை. கல்யாணத்தன்று அவள் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள், வெட்கப்படுகிறாள் என்றார்கள்.

இந்த வருஷம் ஆடி ஐந்தாம் தேதி திரிகூடத்துக்கு போன் வந்தது. குழலி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. புருஷனுக்கு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம்.

"நான் போறேன்" என்றாள் ஆவுடை.

"சீசன் நேரம்" என்றான் திரிகூடம். "எம்பொண்டாட்டியை அனுப்புதேன். நீ ஆவணி முடிஞ்சு போ."

"எந்தங்கச்சி படுத்துக் கெடக்கா. எனக்கு என்ன சீசன்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாழைக்குலையைத் தோளில் மாற்றிக்கொண்டு, சொல்லாமல் நடந்தான். பத்து நாளைக்குக் கடையை மாசானம் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று.

கோயம்புத்தூரில் குழலியின் வீடு இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஆவுடை அங்கே மூன்று தடவைதான் வந்திருக்கிறாள். மூன்றும் விசேஷ வீட்டுக்கு வந்து அன்றைக்கே திரும்பியது. குழலி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். முப்பத்தேழு வயசுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும், "ஏன் இவ்வளவு தூரம் வந்தே, சீசன் நேரத்துல" என்றாள். அதைத் திரிகூடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

ஆவுடை இரண்டு நாள் வீட்டைக் கழுவினாள், சமைத்தாள், தங்கைக்குத் தலைவாரினாள், தைலம் தேய்த்தாள். ஷோகேசில் தான் அனுப்பிய சாமான் எதுவும் இல்லாததை முதல் நாளே கவனித்தாள். பத்திரமாக உள்ளே வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, வெந்நீர் வைக்கப் பெரிய அண்டா பரணில் இருக்கிறது என்று குழலி சொல்லிவிட்டு, உடனே சுதாரித்து, வேண்டாம் வேண்டாம், சின்னப் பாத்திரமே போதும் என்றாள். அதற்குள் ஆவுடை ஸ்டூல் போட்டு ஏறிவிட்டாள்.

அண்டாவுக்குப் பின்னால் பதிமூன்று பார்சல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கீழே இருந்தவற்றின் தாள் கறுத்துப்போயிருந்தது. சணல் கயிறு போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அது அவளுடைய முடிச்சு. கடைசியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி உள்ளே செருகுவாள், வேறு யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள்.

அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் கட்டிலின் காலடியில் அடுக்கிவிட்டு, ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள்.

"பிரிக்கவே இல்லியா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

குழலி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல கோவத்துல பிரிக்கல. என் கடைச் சாமானையே எடுத்து எனக்கே பொட்டலங் கட்டி அனுப்புதாளேன்னு இருந்துச்சு. அதுல செலது நான் பேசி வச்ச ஆளுங்க செய்யறதாத்தான் இருக்கும், நான் போட்ட வரிசைலேர்ந்துதான் எடுத்துருப்பே. அத எப்படிப் பிரிக்க?" கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். "பொறவு பெஞ்சு வந்துட்டு. பட்டறையில இவுக கூட வேலை பாக்கறவங்கல்லாம் பேசிக்கிட்டாங்க. பிரிச்சா அங்க போயி உக்காந்துக்கிடும்லா. ஊரே பாக்கும். உனக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம்னு மேல போட்டேன். பிரிக்காம இருந்தா வேணும்னும் இல்ல, வேண்டான்னும் இல்ல."

அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடை எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கடையநல்லூர்க்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அவள் பேரைக்கூடத் தான் கேட்டுக்கொள்ளவில்லை என்பதும்.

"எனக்குப் போக்கிடம் இல்ல குழலி. அப்ப எனக்குப் போக்கிடம் இல்ல."

"தெரியும்க்கா. அதான் நான் வாயத் தொறக்கல. ஆனா நீ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அதச் சொல்லிருக்கலாம். 'ஒன் எடத்த எனக்குக் குடு'ன்னு கேட்டுருக்கலாம். கேட்டுருந்தா குடுத்துருப்பேனோ என்னமோ. நீ எனக்கு நல்லது செய்யறேன்னு சொல்லிட்டுல்லா எடுத்துக்கிட்டே."

ஆவுடை அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துவந்தாள். "பிரி" என்று தங்கையின் கையில் கொடுத்தாள். குழலி கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவள் பிரிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் ஆவுடையே கயிறுகளை அறுத்தாள். ஒரு தேக்குமரச் சீப்பு. இரண்டு மீன் ஒட்டிக்கொண்ட மாதிரி செய்த குங்குமச் சிமிழ். மிகவும் மெல்லிசான கோரையில் பெயர் நெய்த பாய். செப்புச் சாமான், குழலிக்கு மகள் பிறந்த வருஷம் அனுப்பியது, அந்த மகள் இப்போது ஆறாம் வகுப்புப் படித்தாள். வலம்புரிச் சங்கு மாதிரி ஒரு விளக்கு. ஒவ்வொன்றையும் தங்கையின் மடியில் வைத்தாள். குழலி ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பிப் பார்த்து, நெய்ததையும் கடைந்ததையும் விரலால் தடவி, "நல்ல வேலைப்பாடு" என்று சொல்லி, ஜன்னல் திண்டில் வைத்தாள். கடைக்காரி பார்க்கிற பார்வையாகவே அது இருந்தது.

மறுநாள் காலை ஆவுடை கண் விழித்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள். பதிமூன்றும் இருந்தன. அடுத்த நாளும் இருந்தன. அதற்கடுத்த நாள் குழலி அந்தச் சீப்பை எடுத்துத் தலையைச் சீவச் சொன்னாள். மகள் செப்புச் சாமானில் இருந்த உரலை எடுத்துப் பேனா நிற்க வைத்துக்கொண்டாள். ஏழு நாளும் ஒன்றுகூட நகரவில்லை. அக்காவும் தங்கையும் பழசைப் பேசவில்லை, மழை பெய்யாததையும் தக்காளி விலையையும் பேசினார்கள். ஒரு சாயங்காலம் கடைக்கு முதல் சாமான் வாங்கப் போய் அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்லிக் குழலி சிரிக்கக்கூடச் செய்தாள். பத்தாம் நாள் காலை ஆவுடை பஸ் ஏறக் கிளம்பும்போது, ஜன்னல் திண்டில் விளக்கும் சிமிழும் வெயில் பட்டு மினுங்கியதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை சாரல் கனமாக இருந்தது. தோட்டக்காரர்கள் மேசைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவுடை வரும்போது யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் கயிற்றில் ஏதோ வேலை இருந்தது. பெஞ்சில் பதிமூன்று சாமான்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சீப்பில் நரைமுடி ஒன்று சுற்றியிருந்தது. உரலுக்குள் பேனா மை ஒட்டியிருந்தது. அவள் அங்கே இருந்தவரைக்கும் குழலி அவற்றை எப்படியோ பிடித்து வைத்திருந்தாள். அக்காவின் பஸ் தெருமுனை திரும்பியதும் விட்டிருக்கிறாள். பிடித்து வைக்க அவளுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று ஆவுடை நினைத்தாள்.

மாசானம் தன் தோள் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். பதிமூன்றையும் மூட ஒரு துண்டு பத்தாது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் ஆவுடை. "கெடக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்."

திரிகூடம் சரிவிலிருந்து ஏறி வந்தான். அவனைப் பார்த்ததும் அவள் கேட்டாள். "ஒனக்குத் தெரியுமா?"

"பரண்ல பாத்தேன். ஆறேழு வருசமிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே? அனுப்பறத நிறுத்திருப்பே. கடைய விட்டிருப்பியா?"

அவள் பலகைகளைக் கழற்றிக் கடையைத் திறந்தாள். அன்று முழுக்க வியாபாரம் பார்த்தாள். சாமான் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். பெஞ்சைப் பார்க்க வந்தவர்கள் பதிமூன்றையும் பார்த்தார்கள், யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்துகொண்டு போனார்கள். சாயங்காலம் பலகைகளைக் கோர்த்துப் பூட்டியதும், சாவியை ஒரு தாளில் சுற்றினாள். கயிறு கட்டவில்லை. உள்ளே ஒரு வரி எழுதினாள்: 'குழலி, கடை உன்னுடையது, நான் எடுத்துக்கொண்டேன், வந்து எடுத்துக்கொள்.' எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் எழுதியதில் அதுதான் சின்னது. மறுநாள் காலை தென்காசிக்குப் போய்க் கூரியரில் போட்டுவிட்டு வந்தாள்.

கடைக்கு வேறு சாவி கிடையாது. அவள் பூட்டிய கடைக்கு வெளியே, பெஞ்சில் தன் சாமான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடிப் பதினெட்டுக் கூட்டம் வந்தது, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கடை திறக்காததால் சந்தைக்கே ஆள் குறைந்தது. பழ மேசைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பூட்டை உடைக்கலாம் என்று திரிகூடம் சொன்னான். "அவ வரட்டும்" என்றாள் ஆவுடை. கட்டுப் பிரிக்க இன்னும் நான்கு வாரம் இருக்கிறதே என்றான். கார் வைத்து வரலாம் என்றாள். வந்தால் எங்கே உட்கார வைப்பது, என்னென்ன சாமான் தீர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், பத்தமடைக்காரர் மகன்தான் இப்போது பாய் கொண்டுவருகிறான் என்று சொல்ல வேண்டும், தனக்கு அடுப்படியின் பின்பக்கம் போதும், அல்லது சுரண்டைப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்குமா பார்க்க வேண்டும் என்று மூன்று நாளும் அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். சாலையில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றாள்.

நான்காம் நாள் காலை வந்தபோது சாவி பெஞ்சில் இருந்தது.

தாள் இல்லை. சாவி மட்டும். எடுத்தபோது கையில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள், குழலியின் காலுக்கு அவள் தேய்த்துவிட்ட அதே தைலம். இந்தத் தடவை பார்சலைப் பிரித்திருக்கிறாள். தைலம் தேய்த்த கையால் பிரித்து, கையில் வாங்கிப் பார்த்து, வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டாளா, அல்லது அது கடைச் சாமான் இல்லை என்பதால் வரவில்லையா என்று ஆவுடைக்குத் தெரியவில்லை. அவள் அதை நெடுநேரம் யோசித்தாள். கேட்க முடியாத கேள்வி.

அருவியில் குளித்துவிட்டு அருப்புக்கோட்டைக்காரர்கள் ஒரு குடும்பம் வந்து நின்றது. "கடை தெறக்கலியா?" என்று கேட்டார்கள். அவள் எழுந்து பூட்டைத் திறந்து, பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாய்த்தாள். மூன்று நாள் அடைத்துக் கிடந்த கடைக்குள் கோரையும் ஈரமும் மணத்தன. கூட்டத்திலிருந்த ஒருத்தி, முப்பது வயசிருக்கும், உள்ளே அடுக்கியிருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, பெஞ்சிலிருந்த மீன் சிமிழை எடுத்தாள்.

"இது வெலைக்கா?"

பின்னால் மாசானம் தேன் புட்டி துடைப்பதை நிறுத்தினார்.

"வெலைக்குத்தான்" என்றாள் ஆவுடை.

"எங்க அக்காவுக்கு. பேசி ரெண்டு வருசமாச்சு." அந்தப் பெண் சிமிழைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இங்க வாங்குனது திரும்பி வரும்னு சொல்லுதாங்க. இது வராதுல்லா?"

ஆவுடை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியல தாயி" என்றாள். "கட்டித் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "அப்படியே கொடுங்க."